மெமரி கார்டை எங்கே, எப்போது ஃபார்மேட் செய்வது?

சேலம் அம்மாப்பேட்டையில் திருமண ஒளிப்படத் தொழிலைத் தொடங்கியிருக்கும் இளைஞர் ஒருவர் நான்கு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். மெமரி கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்ய வேண்டுமா, கணினியில் செய்தாலும் போதுமா என்பது முதல் கேள்வி. அடிக்கடி ஃபார்மேட் செய்தால் கார்டு தேய்ந்துபோகுமா என்பது இரண்டாவது. ஏற்காட்டில் ஒரு ஜோடிக்கு அவுட்டோர் ஷூட் முடித்து இறங்கி வந்து கார்டைக் கணினியில் செருகியபோது, ‘பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்ற அறிவிப்பு வந்திருக்கிறது. இப்போது என்ன செய்வது என்பது மூன்றாவது. பழைய கார்டுகளை விற்றுவிடலாமா என்பது நான்காவது.

மூன்றாவது கேள்வியில்தான் அவசரம் இருக்கிறது; அதிலிருந்து தொடங்குகிறேன். தம்பி, அந்த அறிவிப்புக்குச் சம்மதம் கொடுக்க வேண்டாம். கார்டில் உள்ள கோப்பு முறைமையை, அதாவது கோப்புகள் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் ஒழுங்கைக் கணினியால் படிக்க முடியவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். படங்கள் அழிந்துவிட்டன என்று அது சொல்லவில்லை. ‘ஸ்கேன் செய்து சரிசெய்யலாமா’ என்று விண்டோஸ் கேட்டாலும் இப்போதைக்கு மறுத்துவிடுங்கள். அந்தப் பழுதுபார்ப்பு கார்டின் மேலேயே எழுதக்கூடியது. தொடர்பு அறுந்த துண்டுகளைத் தன் விருப்பப்படி பெயர் மாற்றி வேறொரு கோப்புறையில் போட்டுவிடும், பிறகு மீட்பது இன்னும் சிக்கலாகும். கார்டை வெளியே எடுத்து, அதன் இடப்பக்கத்தில் உள்ள சிறிய பூட்டுத் தாழைக் கீழே தள்ளிப் பூட்டிய நிலையில் வையுங்கள். அதன்பின் கேமராவில் செருகி, எடுத்த படங்களைப் பார்க்கும் பொத்தானை மட்டும் அழுத்துங்கள். படங்கள் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் ரீடரிலோ கேபிளிலோ கணினியின் துளையிலோதான் இருக்கும். 32 ஜிபி வரையிலான கார்டுகளுக்கென்றே செய்யப்பட்ட பழைய ரீடரில் 64 ஜிபி கார்டைச் செருகினாலும் இதே அறிவிப்பு வருவதுண்டு. வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கேமராவையே யுஎஸ்பி கேபிளால் கணினியுடன் இணைத்து நகலெடுக்கலாம்.

கேமராவிலும் படம் தெரியவில்லை என்றால், அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. மீட்புப் பணியில் நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதைத்தான்: எழுதுவதை நிறுத்துங்கள். கார்டு அதன்பின் பூட்டிய நிலையிலேயே இருக்கட்டும். முதல் வேலையாக, முழுக் கார்டையும் அப்படியே ஒரு பிம்பக் கோப்பாகக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுக்க வேண்டும். மீட்பு முயற்சிகள் எல்லாம் அந்த நகலின் மேல் நடக்கட்டும். ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. எந்தக் கோப்பு கார்டில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணையை அது பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் உரிய தொடக்க அடையாளத்தைத் தேடிச் செல்கிறது. ஒரு ஜேபெக் படம் எப்போதும் எஃப்எஃப் டி8 என்ற இரண்டு பைட்டுகளில் தொடங்கி எஃப்எஃப் டி9 என்ற இரண்டு பைட்டுகளில் முடிகிறது. அட்டவணை முற்றிலும் சிதைந்திருந்தாலும் இத்தகைய அடையாளங்களைக் கொண்டு படங்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்க முடிகிறது. பழைய கோப்புப் பெயர்கள் மட்டும் திரும்பி வராது. ஒளிப்படங்கள் பெரும்பாலும் கார்டில் ஒரே தொடர்ச்சியாக எழுதப்பட்டிருப்பதால் நல்லபடியாக மீளும். நீண்ட வீடியோக்கள் துண்டுதுண்டாகச் சிதறியிருக்க வாய்ப்புள்ளதால் அவற்றின் மீட்பு அவ்வளவு உறுதியானதன்று. மீட்ட கோப்புகளை அதே கார்டில் சேமிக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கணினியிலும் எந்தக் கேமராவிலும் கார்டு தென்படவே இல்லை என்றால் பழுது மின்னணுப் பாகத்தில் இருக்கிறது. அதற்கு மென்பொருளால் பயனில்லை. சிப்பை நேரடியாகப் படிக்கும் கருவி வைத்திருக்கும் மீட்பு ஆய்வகத்தைத்தான் நாட வேண்டும்.

இப்போது முதல் கேள்வி. ஃபார்மேட் என்பது உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்தால் விடை தானாகவே தெளிவாகும். கார்டில் இரண்டு பகுதிகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒன்று, எந்தக் கோப்பு எந்த இடத்தில் தொடங்கி எங்கெங்கே தொடர்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணை. மற்றொன்று, படங்களின் தரவு. கேமராவில் சாதாரணமாகச் செய்யும் ஃபார்மேட், அட்டவணையை வெறுமையாக்கிப் புதிதாக எழுதுகிறது. பல கேமராக்களில் தரவுப் பகுதி தொடப்படுவதே இல்லை. பட்டாவில் பெயரை நீக்கினாலும் நிலத்தில் நிற்கும் மாமரம் அடுத்தவர் வந்து வெட்டும்வரை நின்றுகொண்டுதான் இருக்கும். தவறுதலாக ஃபார்மேட் செய்துவிட்ட கார்டிலிருந்தும் உடனே செயல்பட்டால் படங்களை மீட்க முடிவதற்குக் காரணம் இதுவே. ஆனால் சில கேமராக்கள் ஃபார்மேட்டின்போது கார்டுக்கு அழிப்புக் கட்டளையையும் சேர்த்து அனுப்புகின்றன. கேனான் கேமராக்கள் பலவற்றில் லோ லெவல் ஃபார்மேட் என்று தனித் தேர்வே உண்டு. அப்படிச் செய்தபின் மீட்பை எதிர்பார்க்க இயலாது. எனவே ‘மீட்டுக்கொள்ளலாம்’ என்ற துணிவில் யாரும் ஃபார்மேட் பொத்தானை அழுத்தக் கூடாது.

கேமராவில் செய்வதே சரி என்று நான் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. கேமராக்களில் பரவலாகப் பயன்படும் மெமரி கார்டு வகையான எஸ்டி கார்டுகளில் 2 ஜிபி வரையிலானவை ஃபேட்16 முறையையும், எஸ்டிஎச்சி எனப்படும் 32 ஜிபி வரையிலானவை ஃபேட்32 முறையையும், எஸ்டிஎக்ஸ்சி எனப்படும் 2 டிபி வரையிலானவை எக்ஸ்ஃபேட் முறையையும் பயன்படுத்த வேண்டும் என்பது தரநிலை. கேமரா இந்த விதியை அறிந்து, கார்டின் உள்ளமைப்புக்கு ஏற்ற இடத்தில் அட்டவணையைத் தொடங்கி, படங்களை வைக்கும் டிசிஐஎம் போன்ற, தனக்கு வேண்டிய கோப்புறைகளையும் சேர்த்தே உருவாக்குகிறது. கணினியோ இதைச் சாதாரணப் பென் டிரைவாகத்தான் பார்க்கும். கவனமில்லாமல் விண்டோஸ் கணினிகளுக்கான என்டிஎஃப்எஸ் கோப்பு முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கேமரா அந்தக் கார்டை ஏற்காது. கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் அலகின் அளவு பொருந்தாமல் அமைந்தால் வீடியோ எழுதும் வேகம் தடுமாறும். கேமராவும் ஃபார்மேட் செய்ய மறுக்கும் கார்டு ஒன்று இருந்தால், எஸ்டி கார்டுகளுக்கான தரநிலையை வகுக்கும் எஸ்டி சங்கம் இலவசமாக வெளியிட்டுள்ள எஸ்டி மெமரி கார்டு ஃபார்மேட்டர் என்ற மென்பொருளில் ஒருமுறை செய்துவிட்டு, மறுபடியும் கேமராவில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். ஒரு கார்டை ஒரு நிறுவனத்தின் கேமராவிலிருந்து எடுத்து இன்னொரு நிறுவனத்தின் கேமராவில் போடும்போதும் புதிய கேமராவில் ஃபார்மேட் செய்துவிட்டே தொடங்க வேண்டும். திருமண வேலைக்குத் துணை ஒளிப்படக்காரரை அழைக்கும்போது கார்டுகள் கைமாறும் என்பதால், முந்தைய நாள் இரவே இதை முடித்துவைப்பது நல்லது. முகூர்த்த நேரத்தில், மணமகன் தாலியைக் கையில் எடுக்கும்போது, ஃபார்மேட் கேட்கும் கார்டுடன் நிற்க யாருக்கும் நேரக் கூடாது.

எப்போது செய்வது என்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எங்கே செய்வது என்பதைவிட அதுவே பெரிய கேள்வி. கார்டில் உள்ள எல்லாம் இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளில் நகலாகி, அந்த நகல்களைத் திறந்தும் பார்த்தபின்தான் ஃபார்மேட் செய்ய வேண்டும். ஒரே டிஸ்க்கின் இரண்டு கோப்புறைகள் இரண்டு நகல்கள் ஆகா. திறந்து பார்ப்பதென்றால் சிறுபடங்களைப் பார்ப்பது போதாது. ரா கோப்புக்குள், அதாவது கேமரா சுருக்காமல் திருத்தாமல் பதியும் மூலக் கோப்புக்குள், தனியாகப் பதிந்திருக்கும் சிறுபடம் நன்றாகத் தெரியும், ஆனால் முழுப் படம் பாதியில் சாம்பல் நிறமாக முறிந்திருக்கலாம். முதலிலும் நடுவிலும் கடைசியிலும் சில படங்களை முழு அளவில் திறந்து பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் கார்டுடன் ஒப்பிடுங்கள். ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு மூலத்தையும் நகலையும் ஒப்பிடும் நகலெடுப்பு மென்பொருளைப் பயன்படுத்தினால் இந்த ஐயமே இராது.

இந்த இடத்தில் இரண்டு பொறிகள் உள்ளன. இரண்டிலும் நல்ல தொழில்காரர்களே சிக்கியிருக்கிறார்கள். முதலாவது, டிசிஐஎம் கோப்புறையை மட்டும் நகலெடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணுவது. சோனி கேமராக்கள் பல, எக்ஸ்ஏவிசி எஸ் என்ற தம் வடிவத்தில் பதியும் வீடியோக்களை பிரைவேட் என்ற கோப்புறைக்குள் எம்4ரூட் என்ற உட்கோப்புறையில் வைக்கின்றன. படங்கள் எல்லாம் வந்துவிட்டன என்று நினைத்து ஃபார்மேட் செய்தால், ஊஞ்சல் சடங்கின் வீடியோ முழுவதும் போய்விடும். ஆகவே கார்டின் முழு உள்ளடக்கத்தையும் அப்படியே நகலெடுக்க வேண்டும். இரண்டாவது, கோப்பு எண்கள். கோப்புகளுக்குப் பெயரிட கேமராக்கள் பின்பற்றும் டிசிஎஃப் என்ற பொது விதிப்படி கோப்புப் பெயரில் நான்கு எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் இருக்கும். எண் 9999ஐ எட்டியபின் மீண்டும் 0001இல் தொடங்கும். ஒவ்வொரு ஃபார்மேட்டுக்குப் பின்னும் எண் 0001இலிருந்து தொடங்கும்படி அமைத்திருந்தால், காலையில் பயன்படுத்திய கார்டிலும் மாலை வரவேற்பில் பயன்படுத்திய கார்டிலும் ஒரே பெயர்கள் வரும். இரண்டையும் ஒரே கோப்புறையில் போட்டு, ‘மாற்றி எழுதலாமா’ என்ற கேள்விக்கு அசதியில் ஆம் என்று அழுத்தினால், காலைப் படங்கள் மறைந்துவிடும். கேமராவில் தொடர் எண் முறையைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு கார்டுக்கும் தேதியும் கார்டு எண்ணும் கொண்ட தனிக் கோப்புறை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கார்டுத் துளைகள் உள்ள கேமரா உங்களிடம் இருந்தால், இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி அமைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் கார்டு நிறைந்தபின் இரண்டாவதற்குப் போகும் முறை வசதியானதுதான். ஆனால் திருமணம் மீண்டும் எடுக்க முடியாத நிகழ்ச்சி. ஒன்றில் ராவும் மற்றொன்றில் ஜேபெக்கும் பதிந்தால்கூட, ராக் கோப்புகள் கெட்டாலும் ஆல்பம் போடும் அளவுக்குப் படம் மிஞ்சும்.

தேய்மானம் பற்றிய இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே இன்றைய கார்டுகளுக்கு அடிப்படை. இதில் தரவு, மின்காப்புப் படலத்தால் சூழப்பட்ட மின்னூட்டமாகத் தேங்குகிறது. எழுதும்போது பக்கம் பக்கமாக எழுதலாம், ஆனால் அழிக்கும்போது பல பக்கங்கள் கொண்ட தொகுதியாகத்தான் அழிக்க முடியும். ஒவ்வொரு அழிப்பும் அந்தப் படலத்தைச் சிறிது பலவீனப்படுத்துவதால், ஒரு தொகுதிக்கு இத்தனை முறை என்ற வரம்பு உண்டு. கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப், ஒரே இடத்தில் எழுதாமல் எழுத்தைப் பல இடங்களுக்கும் பகிர்ந்து இந்தத் தேய்மானத்தைச் சமன்படுத்துகிறது. விரைவு ஃபார்மேட் அட்டவணையை மட்டும் எழுதுவதால் அதனால் ஏற்படும் தேய்மானம் பொருட்படுத்தத் தக்கதன்று. வாரம் ஒருமுறை முழுக் கார்டையும் நிரப்பி அழித்தாலும் ஆண்டுக்கு 52 சுற்றுகள்தான் ஆகின்றன. நல்ல கார்டுகள் அதைப்போலப் பல மடங்கைத் தாங்கும். அதற்கு முன்பே பிளாஸ்டிக் உறையின் விளிம்பு பிளந்துவிடும், அல்லது பூட்டுத் தாழ் தளர்ந்து ‘கார்டு பூட்டப்பட்டுள்ளது’ என்று கேமரா சொல்லத் தொடங்கும். ஆகவே ஃபார்மேட் செய்யத் தயங்காதீர்கள். நகலெடுத்தபின் படங்களை ஒவ்வொன்றாக அழித்து இடம் உண்டாக்குவதைவிட, ஃபார்மேட் செய்து சுத்தமான அட்டவணையுடன் தொடங்குவது நல்லது. அழிப்பும் சேர்ப்பும் மாறிமாறி நடந்த கார்டில் காலி இடம் சிதறிக் கிடப்பதால், பெரிய வீடியோக்கள் துண்டுகளாகப் பதிய நேரிடுகிறது. நிகழ்ச்சி நடக்கும்போது கேமராத் திரையில் பார்த்துப் பார்த்து அழிப்பதையும் விட்டுவிடுங்கள். அந்த அவசரத்தில் விரல் தவறுவதுதான் உண்மையான ஆபத்து.

கார்டு கெடுவதற்கான காரணங்களை என்னிடம் கேட்டால், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுவதையே முதலில் சொல்வேன். தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்தபின் கேமராவின் உள் நினைவகத்திலிருந்து கார்டுக்குத் தரவு போய்க்கொண்டே இருக்கும். அதுவரை சிறு விளக்கு எரியும். அந்த விளக்கு அணையாமல் கார்டுக் கதவைத் திறந்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ, அட்டவணை பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுவிடும். ஏற்காட்டில் உங்களுக்கு நடந்ததும் இதுவாக இருக்கலாம். பகோடா பாயின்ட்டில் மாலை வெளிச்சம் குறைந்துகொண்டே வரும்போது, பேட்டரியின் கடைசித் துளிவரை எடுக்கத் தோன்றுவது இயல்புதான். குளிரில் பேட்டரி வழக்கத்தைவிட விரைவாக இறங்கும் என்பதையும் கணக்கில் கொண்டு, சிவப்புக் குறி வந்தவுடன் மாற்றிவிடுங்கள். கணினியிலிருந்து கார்டை எடுக்கும்போதும் முறைப்படி வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டே எடுங்கள்.

நம் ஊரின் தட்பவெப்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேலத்தில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. பெரும்பாலான கேமராக்களின் கையேடுகள் பயன்பாட்டு வெப்பநிலைக்கு 40 டிகிரியையே மேல் எல்லையாகக் குறிப்பிடுகின்றன. கார்டு அதைவிட அதிகச் சூட்டைத் தாங்கும் என்றாலும், வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் விட்டுவைக்கத் தக்கதன்று. சூட்டில் மின்னூட்டம் விரைவாகக் கசிகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் பிரச்சினை வேறு. அங்கே மூடுபனிக்குள் நின்று கார்டுக் கதவைத் திறந்தால் ஈரம் நேரே தொடுமுனைகளில் படியும். குளிர்ந்த கேமராவைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்ததும், அல்லது இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அடிவாரத்து வெக்கைக்குள் இறங்கியதும், கேமராவின் மேலும் உள்ளும் நீர் முத்துகள் அரும்பும். குளிர்சாதன மண்டபத்திலிருந்து வெளியே வந்தாலும் இதுவே நடக்கும். கேமராவை மூடிய பைக்குள்ளேயே வைத்து, அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருந்து, அதன்பின் கார்டை எடுங்கள். ஈரம் பட்டுவிட்டால் மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, நிழலில் நன்றாக உலரவிட்டபின் செருகுங்கள். கேமராப் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இருப்பது நல்லது; அவற்றை அவ்வப்போது மாற்ற வேண்டும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசுகளைப் படம் எடுக்கச் செல்பவர்கள், மெருகுத் தூசி பறக்கும் இடத்தில் கார்டை மாற்றாமல் வெளியே வந்து மாற்றுவது நல்லது. தங்க நிறத் தொடுமுனைகளை விரலால் தொடுவதும், வாயால் ஊதுவதும், அழிப்பானால் தேய்ப்பதும் வேண்டாம். காந்தத்தைப் பற்றிய அச்சம் தேவையற்றது. சாதாரணக் காந்தங்கள் ஃபிளாஷ் நினைவகத்தைப் பாதிப்பதில்லை.

வாங்கும்போது கார்டின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம். உங்களுக்கு வேண்டியது குறைந்தபட்ச எழுதும் வேகம். கார்டின் மேல் வி30 என்ற குறி இருந்தால் நொடிக்கு 30 எம்பி (மெகாபைட்), வி60 என்றால் 60 எம்பி உறுதி. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் ஒரு பைட்) அளவில் பதியும் 4கே வீடியோவுக்கு நொடிக்கு 12.5 எம்பி போதும் என்பதால் வி30 தாராளமானது. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகிவிடும் என்பதைக் கணக்கிட்டுக் கார்டுகளை எடுத்துச் செல்லுங்கள். 64 ஜிபி கார்டு கணினியில் 59 ஜிபி சொச்சம் என்று காட்டுவது கணக்கிடும் முறையின் வேறுபாடு, ஏமாற்று அன்று. உண்மையான ஏமாற்று வேறு: குறைந்த கொள்ளளவுள்ள சிப்பை வைத்து, அதிகம் இருப்பதாகக் கட்டுப்பாட்டுச் சிப்பைப் பொய் சொல்ல வைக்கும் போலிக் கார்டுகள். உண்மைக் கொள்ளளவு நிறையும்வரை அவை ஒழுங்காகவே வேலை செய்து, அதன்பின் எழுதப்படும் அனைத்தையும் இழந்துவிடும். புதிய கார்டு எதுவானாலும், எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச மென்பொருளால் ஒருமுறை முழுக்க எழுதிப் படித்துச் சோதித்து, பிறகு கேமராவில் ஃபார்மேட் செய்துவிட்டு, அதன்பின்பே பணம் வாங்கும் வேலைக்குக் கொண்டுபோங்கள்.

கார்டில் படங்களை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அடைபட்ட மின்னூட்டம் காலப்போக்கில் கசியும் தன்மையுடையது என்பதால் நான் அதை ஏற்பதில்லை.

கடைசியாக, பழைய கார்டுகளை விற்கும் கேள்வி. ஃபார்மேட் செய்த கார்டிலும் படங்கள் இருக்கின்றன என்று மேலே சொன்னதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். ஒரு குடும்பம் உங்களை நம்பி மணப்பெண் அறைக்குள் அனுமதித்து எடுக்கவைத்த படங்களை, அந்தக் கார்டை வாங்கும் எவரும் ஒரு மாலைப்பொழுதில் மீட்டுவிட முடியும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எஸ்டி சங்கத்தின் மென்பொருளில் முழுமையாக மேலெழுதும் தேர்வைப் பயன்படுத்துங்கள். பெரிய கார்டுக்கு நீண்ட நேரம் பிடிக்கும், பொறுத்திருங்கள். தேய்மானத்தைச் சமன்படுத்துவதற்காகக் கார்டு ஒதுக்கிவைத்திருக்கும் பகுதிகளை அந்த மேலெழுத்தும் தொடாமல் போகலாம் என்பதால், திருமண வேலையில் பயன்பட்ட கார்டுகளை விற்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பழுதான கார்டையும், ஒருமுறை காரணமின்றிப் பிழை காட்டிய கார்டையும் உறையின் பிளாஸ்டிக்கோடு நிறுத்தாமல் உள்ளே இருக்கும் சிப் உடையும்படி வெட்டி, மின்னணுக் கழிவாகக் கொடுத்துவிடுங்கள்.